ஏழாவது பாட்டில் கத்தும் கிழவன்

மண்ணரை, திருப்பூர்
17-4-1995

அன்பு மகன் நஜீமுதீனுக்கு, அத்தா பசீர் அகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம், என் மானம் ஒன்றைத் தவிர. அது நேற்றுக் காலை பத்தே முக்கால் மணிக்குக் கல்யாண மண்டபத்தில் போய்விட்டது.

உன் சின்னம்மா மகள் அஜீஸுன்னிசாவுக்கு நிக்காஹ். மைக்செட் நல்லான் ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏப்பா நல்லான், எங்கூட்ல கல்யாண வாழ்த்துக் கேசட்டு ஒண்ணு கெடக்குது, கேட்டயின்னா சொக்கிப் போயிருவே" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லி, சைக்கிளை மிதித்துப் போய் எடுத்து வந்தும் கொடுத்தேன். லேபிளில் என் கையெழுத்துதான்: கல்யாண வாழ்த்து. உள்ளே இருந்தது நீ.

முதலில் யாரோ இங்கிலீஷில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார்கள். சரி, மைக் சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் தகரக் கொட்டகை மேல் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளே உன் தொண்டை. குழாய் ஸ்பீக்கர் மூன்று கட்டியிருந்தார்கள், அதில் ஒன்று டீக்கடையைப் பார்த்து. மாப்பிள்ளை பேனாவைக் கீழே போட்டுவிட்டார். ஹஜ்ரத் நிக்காஹ் பதிவுத் தப்தரிலிருந்து தலையைத் தூக்கி, "பசீர் பாய், இது எந்த ஊர் பைத்துப் பாட்டுங்க?" என்று கேட்டார். "பெங்களூருங்க" என்றேன். கல்யாண வீட்டில் பொய் சொல்லக் கூடாதல்லவா.

நல்லான் பந்தியிலிருந்து ஓடி வருவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. அவ்வளவு சின்னப் பாட்டு. அதற்காக அல்லாவுக்கு நன்றி.

பெருநாளுக்கு மறுநாள் பனியன் கம்பெனியில் நடந்ததிலிருந்து நீ ஒரு வரி எழுதவில்லை. உன்னை மிஷின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். நீ ஏதோ டப்பாவை நோண்டிக்கொண்டு நின்றாய். ஊசி உடைந்து நாற்பது கிலோ துணியில் கோடு விழுந்தது. நான் ஆட்கள் முன்னால் கத்தினேன், நீ சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டாய். எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் ஹலோ சொல்வதற்குள் மீட்டர் ஓடுகிறது, எனக்கு நாக்கு எழுவதில்லை. அதனால்தான் கடுதாசி.

முதலாளி சுப்பண்ணன் வருகிற ஜனவரியில் நெருப்பெரிச்சல் ஊரில் நாலு புது நிட்டிங் மிஷின் இறக்குகிறார். "மாஸ்டரே, பாலிடெக்னிக் படிச்ச பையன வச்சுக்கிட்டு நான் எதுக்குங்க வெளிய ஆள் தேடோணும்?" என்கிறார். நான் எட்டாவதில் தவறியவன். மிஷினைக் காதால் கேட்டே மாஸ்டர் ஆனவன். நீ படித்தவன், வந்தால் என்னைவிட மேலே போவாய்.

இந்தக் கத்தலை நிறுத்திவிட்டு வந்து சேர்.

அத்தா

*

பெங்களூர்
29-4-1995

அத்தாவுக்கு, சலாம்.

கேசட் விஷயம் என் தப்பு. புதிதாக வாங்காமல் வீட்டில் இருந்ததன் மேலேயே பதிந்துவிட்டேன். அஜீஸுன்னிசாவுக்குத் தனியாகக் கார்டு போட்டிருக்கிறேன்.

மற்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அதைக் கத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பங்க் என்று பெயர். நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டு பிறகு மேடை ஏறுவது என்பது இதில் கிடையாது. முதலில் ஏறுவோம், கற்பது அதற்கப்புறம். நாங்கள் நாலு பேர். பகலில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, மாலையில் டெரிக் வீட்டுக் கார் ஷெட்டில் கூடுகிறோம். டெரிக் டிரம் அடிப்பவன். பேண்டுக்குப் பெயர் 'செகண்ட்ஸ்'. ஆமாம், நீங்கள் செக்கிங் மேஜையில் ஒதுக்கித் தள்ளும் பீஸ்களின் பெயர்தான். நான்தான் வைத்தேன்.

நீங்கள் மண்டபத்தில் கேட்டது எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு. எங்கே போனாலும் அதையே கேட்கிறார்கள். எனக்கே சலித்துவிட்டது. யாரும் கேட்காத பதினோரு பாட்டு எங்களிடம் இருக்கிறது. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. இந்த ஊரில் நாற்பது பேர்கூட அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். ரோலின் முதல் மீட்டரில் கறை இருந்தால், மீதியைப் பிரித்துப் பார்க்காமலே ரிஜெக்ட் என்று எழுதுகிற ஆளா நீங்கள்?

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். இந்தத் தடவை லேபிள் சரியாக இருக்கிறது. கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

இன்னொரு உதவி. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அறுபது கறுப்பு டி-சர்ட் வேண்டும். படம் வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், இடது தோளில் கிழிசல் இருக்கும். படத்தில் உள்ளபடியே.

நஜீம்

*

மண்ணரை
21-5-1995

அன்பு மகனுக்கு,

முதல் மீட்டரைப் பார்த்து ரோலை ரிஜெக்ட் பண்ணுகிறவன் என்று இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒருத்தன் சொன்னதில்லை. பெற்ற மகன் சொல்லிவிட்டாய். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசியில்லை.) நாலாம் நாள் கேசட்டைப் போட்டேன். பதினோரு பாட்டையும் இரண்டு தடவை கேட்டேன். இது செக்கிங் ரிப்போர்ட். கோபித்துக்கொள்ளாமல் படி.

முதல் பாட்டு மண்டபத்துப் பாட்டுக்குத் தம்பி. பீடி பற்ற வைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவதில் பாட்டைவிட ஓட்டைதான் அதிகம். தடிமனான கம்பி ஒன்று 'தும்' என்கிறது. அப்புறம் நீண்ட நேரம் யாருமில்லை. மறுபடி 'தும்'. டேப் ரிக்கார்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் விளங்கியது: இது வலைபனியன். வலைபனியனை ஓட்டை என்று யாராவது ரிஜெக்ட் செய்வார்களா? பாஸ்.

நாலாவது, ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு நீ மெதுவாகப் பாடுவது. உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "இதப் பாடறது நம்ம நஜீமாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, அவள் நகரவில்லை. அன்றைக்குத் தீய்ந்த குழம்பைத்தான் சாப்பிட்டோம். அதையும் பாஸ் என்று எழுதிக்கொள்.

ஐந்தாவதில் பக்கிரிசாக்கள் அடிக்கிற தப்ஸ் வருகிறது. எங்கே பிடித்தாய் அதை? ஹஜ்ரத்தைப் பற்றிய பயத்தையும் மீறி என் முழங்கால் ஆடியது. எட்டாவது சர்க்கஸ் கூடாரத்துப் பேண்டு மாதிரி இருக்கிறது; உன் பேண்டில் யாருக்கோ கல்யாண ஆசை என்று நினைக்கிறேன். ஒன்பதாவது எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை ரிஜெக்ட் என்று எழுத மாட்டேன், ஹோல்டு என்றுதான் எழுதுவேன்.

இப்போது ஏழாவது. அது மிஷின். பாட்டுக்கு அடியில் ஓடுவது நம் நாலாம் நம்பர் மிஷின்தான். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதன் இருமல் எனக்குத் தெரியும். பாதியில் ஒரு ஊசி உடைகிறது. சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று தட்டுகிறது. அந்த 'டிக்'கைப் பிடித்துக்கொண்டு டிரம் பையன் ஏறுகிறான் பார், எனக்கு ரோமம் சிலிர்த்தது. உடைந்த ஊசியைத் தாளமாக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரே குறை. அந்த இடத்தில் யாரோ ஒரு கிழவன் குறுக்கே புகுந்து "நிறுத்துடா! மிஷின நிறுத்துடா!" என்று கத்துகிறான். சுதியும் இல்லை, குரலும் தகரம். அவனை மட்டும் எடுத்துவிடு. பாட்டு சுத்தமாகிவிடும்.

டி-சர்ட் அறுபதும் பார்சலில் வருகிறது. உன் படத்தை வரைந்தவன் அவசரக்காரன் போலிருக்கிறது. தோளில் கிழிசலை அப்படியே விட்டால் இரண்டு துவைப்பில் முழங்கை வரை ஓடிவிடும். அதனால் அறுபது கிழிசலுக்கும் ஓரத்தில் சிவப்பு நூலில் ஓவர்லாக் அடித்துக் கொடுத்துவிட்டேன். எக்ஸ்போர்ட் தரம். எழுத்துகளையும் நேராக்கச் சொல்லியிருப்பேன், பிரிண்டிங்காரன் அவசரப்படுத்திவிட்டான்.

அத்தா

*

பெங்களூர்
2-6-1995

அத்தா,

உங்கள் ரிப்போர்ட்டை நாலு பேருக்கும் மொழிபெயர்த்துப் படித்தேன். வலைபனியனுக்கு டெரிக் எழுந்து நின்று கை தட்டினான். இது வரை எங்களைப் பற்றி யாரும் இவ்வளவு கவனித்து எழுதியதில்லை.

டி-சர்ட்டைப் பிரித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத மாட்டேன். கிழிசலுக்கு ஓவர்லாக்! அத்தா, கிழிந்திருப்பதுதான் அதன் விஷயமே. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அந்தக் கிழவனைப் பற்றி.

அது நீங்கள்.

பெருநாளுக்கு மறுநாள் நான் நோண்டிக்கொண்டிருந்த டப்பா டேப் ரிக்கார்டர். மிஷின் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தேன். ஊசி உடைந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் சுவிட்சைத் தொடவில்லை. அந்த 'டிக்' இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்றிருந்தது. நாற்பது கிலோ போனது கவனக்குறைவால் இல்லை. இதைச் சொல்லாமல் மூன்று மாதம் இருந்துவிட்டேன்.

இப்போது அதுவும் வீண். பம்பாயில் ஒரு கேசட் கம்பெனி, பல ஊர் பேண்டுகளைச் சேர்த்து ஒரு கேசட் போடுகிறது. எங்களிடம் நாலு பாட்டுக் கேட்கிறார்கள். நாலும் கத்தல் பாட்டாக இருக்க வேண்டுமாம். மற்றதெல்லாம் கதம்பமாம், இது எந்தப் பேண்டு என்றே கேட்கிறவனுக்குத் தெரியாமல் போகுமாம். மற்ற மூன்று பேரும் தலையாட்டிவிட்டார்கள். நான் மட்டும் தனி. ஒரே பாட்டை ஆயுசு முழுக்கப் பாட வேண்டுமென்றால் அதற்கு நாலாம் நம்பர் மிஷினே தேவலாம்.

ஜனவரியில் வந்து நிற்கிறேன். சுப்பண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

நஜீம்

*

மண்ணரை
11-6-1995

நஜீம்,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கேசட்டைக் கம்பெனிக்கே கொண்டுபோய்ப் போட்டேன். ஏழாவது பாட்டில் கிழவன் கத்தினதும் செக்கிங் பழனாத்தாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க மாஸ்டரு, நாங்க தெனமும் கேக்கற தொண்டைங்க. உங்குளுக்கு மட்டும் தெரியிலீங்களா?" என்றாள். தெரியவில்லை. என் குரல் கனமானது, பள்ளிவாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரல் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். தகரம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கேட்காமல் பதிந்தது தப்பு. ஊசி உடைந்தது தெரிந்தும் ஓட விட்டது அதைவிடப் பெரிய தப்பு. மாஸ்டராக என்னால் அதை மன்னிக்க முடியாது. அத்தாவாக என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று. ஊசி உடைந்தது உனக்குக் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். பாலிடெக்னிக்கில் அதைச் சொல்லித் தர மாட்டார்கள். அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஜனவரியில் வருகிறேன் என்கிறாய். பெருநாள் சமயத்தில் இதை எழுதியிருந்தால் பிரியாணி போட்டிருப்பேன். இப்போது டீயை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுப்பண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

பம்பாய்க்காரன் பாட்டு வியாபாரம் தெரிந்தவனாக இருக்கலாம், பெட்டி கட்டத் தெரியாதவன். நாம் எக்ஸ்போர்ட் பெட்டி எப்படிக் கட்டுகிறோம்? ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று கலந்து. அசார்ட்மென்ட். லார்ஜ்தான் நன்றாகப் போகிறது என்று முழுப் பெட்டியும் லார்ஜாகக் கட்டினால் வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான். நாலு சைஸ் இருந்தாலும் நூல் ஒன்று, தையல் ஒன்று, கழுத்து லேபிள் ஒன்று. இது எந்தக் கம்பெனி என்று எவனுக்கும் சந்தேகம் வராது. உன் பதினோரு பாட்டிலும் நூல் ஒன்றுதான். எட்டாவது தவறின எனக்கே தெரிகிறது. இதை அப்படியே அவனுக்கு எழுது. இங்கிலீஷில் எழுது, எடுபடும்.

கிழவனை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.

அத்தா

*

பெங்களூர்
20-8-1995

அத்தாவுக்கு, சலாம்.

பெட்டி விஷயத்தை அப்படியே எழுதினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. போன வாரம் வந்தது. செப்டம்பர் ஒன்பது, சனிக்கிழமை சாயங்காலம் இங்கே ஒரு ஹாலில் நாங்கள் வாசிக்கிறோம். அவர்களுடைய ஆள் நேரில் வருகிறார். யாரும் கேட்காத பாட்டுகளை அன்றைக்குக் கூட்டம் ஏற்றுக்கொண்டால் நாலும் நாலு விதமாகப் போடுவார்கள். இல்லையென்றால் நாலும் கத்தல்தான். மற்ற மூன்று பேரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். கத்தல்தான் என்று முடிவானால் நான் கிட்டாரை விற்றுவிட்டு ஊருக்கு வருகிறேன். இதில் மாற்றம் இல்லை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒரு காலேஜில் வாசித்தோம். டெரிக் கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் பெட்டியை இழுத்து வந்து மேஜையில் பரப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் அறுபதும் போய்விட்டது. கிழித்த சட்டை இந்த ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. கிழித்த இடத்துக்குச் சிவப்பு நூலில் ஓவர்லாக் அடித்த சட்டையை யாரும் பார்த்ததில்லை. யாருடைய யோசனை என்று கேட்டார்கள். திருப்பூரில் எங்கள் டிசைனர் என்று சொன்னேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. கூட்டம் இடிக்கும், உங்கள் முழங்காலுக்கு ஆகாது. நீங்கள் அங்கே நிற்பது தெரிந்தால் எனக்கும் வரிகள் மறந்துபோகும். சும்மா தெரிந்திருக்கட்டும் என்றுதான் ஹால் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சிட்டி மார்க்கெட்டிலிருந்து நேர் பஸ் உண்டு.

நஜீம்

*

மண்ணரை
11-9-1995

அன்பு மகன் நஜீமுதீனுக்கு,

உன் அம்மாவிடம் பெங்களூரில் மிஷின் ஊசி பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அதற்கு உள்ளே என்ன போட்டிருந்தேன் என்று கேள். எந்த லாட் போனாலும் ஒரு பீஸ் சாம்பிளுக்கு எடுத்து வைப்பது நம் கம்பெனி வழக்கம். உனக்கு அனுப்பியது அறுபது. அடித்தது அறுபத்தொன்று.

ஹாலில் கடைசித் தூண் ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு தம்பி, தலையில் பச்சைச் சாயம் போட்ட சேவல் கொண்டை. நம் சாயப்பட்டறையில் போட்டிருந்தால் இன்னும் சீராக ஏறியிருக்கும். "அங்கிள், வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று தமிழில் கேட்டது. "இல்லீங்க தம்பி, மிஷின் பாக்க வந்தனுங்க" என்றேன். அது தலையைத் தலையை ஆட்டியது. பாவம், நல்ல பிள்ளை. கடைசி வரை என்னை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டது.

முதலில் மண்டபத்துப் பாட்டு. குதித்தார்கள். அப்புறம் நீ வலைபனியனை எடுத்தாய். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஒருத்தன் கொட்டாவி விட்டான், அவனை எனக்கு இன்னும் அடையாளம் தெரியும். இரண்டு 'தும்' போன பிறகு ஒரு தலை ஆடியது. அப்புறம் பத்து. நாலாவதுக்கு, அந்த மெதுவான பாட்டுக்கு, ஒரு பயல்கூடப் பேசவில்லை. இங்கே குழம்பு தீய்ந்தது மாதிரி அங்கேயும் எங்கேயோ ஏதோ தீய்ந்திருக்கும்.

அப்புறம் ஏழாவது. நாலாம் நம்பர் மிஷின் அந்த ஹால் முழுக்க ஓடியது. ஊசி எந்த இடத்தில் உடையும் என்று அங்கே இருந்தவர்களில் மேடைக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். உடைந்தது. 'டிக்'. என் வலது கை தானாக மேலே போய்விட்டது. நாலாம் நம்பர் மிஷின் சுவிட்ச் தலைக்கு மேலே இருப்பது உனக்குத் தெரியுமே. இருபத்தாறு வருஷப் பழக்கம், பெங்களூர் என்று கைக்குத் தெரியவில்லை. சேவல் கொண்டைத் தம்பி அதை ஆட்டம் என்று நினைத்து அதுவும் கையைத் தூக்கியது. அது தூக்கியதைப் பார்த்து முன்னால் நின்ற நாலைந்து பேர் தூக்கினார்கள்.

முதல் வரிசையில் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். அவர்தான் பம்பாய் ஆள் என்றால் ஒன்று சொல்கிறேன். ஏழாவது பாட்டில் கட்டின கையை அவிழ்த்துவிட்டார். செக்கிங் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், தப்பாது.

முடிந்ததும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். நான் கிட்டே வந்திருந்தால் நீ உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு "அத்தா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டிருப்பாய். மேடையில் நிமிர்ந்து நின்றவனை அந்த நேரத்தில் மகனாக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் பஸ் ஏறிவிட்டேன். சாப்பிட்டேன், கவலைப்படாதே.

இன்று காலை சுப்பண்ணனிடம் போய், "புது மிஷினுக்கு வேற ஆள் பாருங்க. எம்பையனுக்கு வேல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். "எந்தக் கம்பெனிங்க மாஸ்டரே?" என்றார். "செகண்ட்ஸ்ங்க" என்றேன். மனுஷன் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறார்.

பம்பாய்க்காரன் நாலு விதம் போடட்டும், ஒரே விதம் போடட்டும். ஜனவரியில் வந்து இரண்டு நாள் இருந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போ. கிட்டாரை விற்காதே.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏழாவது பாட்டில் என் குரலை நீங்கள் திருப்பித் திருப்பிப் போட்டீர்கள்; மூன்றாம் தடவை அந்த ஹாலில் இருந்த நானூறு பேரும் சேர்ந்து "நிறுத்துடா! மிஷின நிறுத்துடா!" என்று கத்தினார்கள். பாதிப் பேருக்கு அர்த்தம்கூடத் தெரிந்திருக்காது. என் இழுப்பு, என் தகரம், எல்லாம் அப்படியே. தூண் ஓரத்தில் நான் ஒருத்தன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேறு வார்த்தை வந்திருக்கும்.

நிறுத்தீராத கண்ணு.

அத்தா